சாட்டிலைட் இன்டர்நெட், 5ஜி, வைஃபை: காத்துக்கு வாடகை யார் கட்டுறாங்க?



போன வாரம் சோமனூர்ல இருந்து ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்திருந்தார். வயசு 26. கோவையில ஐ.டி. கம்பெனியில வேலை. வாரத்துல மூணு நாள் வீட்டிலிருந்தே வேலை. அப்பா எட்டுத் தறி வெச்சு கூலிக்கு ஓட்டுறார். வருமான வரி ரிட்டர்ன் போட வந்தவர், வேலை முடிஞ்ச பிறகும் எழுந்திரிக்காம உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்ணா, ரெண்டு விஷயம் கேக்கோணும். போனஸ் ஒரு லட்சம் வந்திருக்கு. 5ஜி வந்துருச்சு, சாட்டிலைட் இன்டர்நெட்டும் வரப்போகுது, இனி டெலிகாம்தான்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. மொத்தத்தையும் ஒரு டெலிகாம் பங்குல போட்டுரட்டுமா? இன்னொண்ணு, எங்க வீதியில மாசம் ரெண்டு தடவையாவது ஃபைபர் கட் ஆகுது. ஸ்டார்லிங்க் வந்தா எடுத்துக்கலாம்னு இருக்கேன். வெல கம்மியா இருக்குமுங்களா?"

"அந்த ஒரு லட்சத்துக்கு வீட்டுல வேற தேவை எதுவும் இல்லையா தம்பி?"

கொஞ்சம் யோசிச்சார். "அப்பா ரெண்டு தறிய மாத்தோணும்னு சொல்லிட்டு இருக்காருங்ணா. வட்டிக்கு வாங்கிக்கலாம்னு இருக்காரு."

இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கு. அதோட பேரு அலைக்கற்றை, அதாவது ஸ்பெக்ட்ரம். நம்ம ரீசார்ஜ் பில், நாம வாங்குற டெலிகாம் பங்கு, வீட்டு வைஃபை எல்லாமே அதை யாருக்கு, எந்த நிபந்தனையில, எந்த விலைக்குக் கொடுக்குறாங்கங்கிறதைப் பொறுத்துத்தான் இருக்கு. சேனல்ல சுருக்கமா பேசின விஷயத்தை இங்க கணக்கோட விரிவா எழுதுறேன்.

முதல்ல மொட்டை மாடிக்குப் போங்க

அந்தத் தம்பிகிட்ட சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். சாயங்காலம் வீட்டு மாடிக்குப் போய் சுத்திப் பாருங்க.

பக்கத்து செல்போன் டவர்ல நீளநீளமா பலகை மாதிரி தொங்குதே, அது உங்க போனோட பேசுற ஆன்டெனா. இது மொபைல் சேவை. அதே டவர்ல முரசு மாதிரி வட்டமா ஒண்ணு இருக்கும். அது உங்க போனோட பேசாது, தூரத்துல இருக்குற இன்னொரு டவரோட மட்டும் நேர்கோட்டுல பேசும். ரெண்டு முனையும் நகராது. இது நிலையான சேவை. உங்க மாடியில இருக்குற டி.டி.எச். குடையும், கேபிள்காரர் மாடியில இருக்குற பெரிய டிஷ்ஷும் வானத்தைப் பார்த்துட்டு இருக்கும். அது செயற்கைக்கோள் சேவை. கீழே ஹால்ல வைஃபை ரூட்டர் தன் பாட்டுக்கு மினுக்கிட்டு இருக்கும்.

இந்த நாலும் பயன்படுத்துறது ஒரே ரேடியோ அலையைத்தான். அதிர்வெண் மட்டும் வேற. சில இடத்துல அதிர்வெண்ணும் ஒண்ணாவே இருக்கும். ஒரே இடத்துல, ஒரே நேரத்துல, ஒரே அதிர்வெண்ணுல ரெண்டு பேர் பேசினா ரெண்டு பேருக்கும் எதுவும் கேட்காது. அதனாலதான் ஒழுங்குமுறைன்னு ஒண்ணு தேவைப்படுது.

வாய்க்கால் தண்ணி மாதிரிதான்

பல்லடம், சுல்தான்பேட்டை பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க இருந்தா பி.ஏ.பி. வாய்க்கால் பத்தித் தெரிஞ்சிருக்கும். எல்லார் காட்டுக்கும் ஒரே நேரத்துல தண்ணி விட முடியாது. அதனால ஆயக்கட்டை நாலு மண்டலமா பிரிச்சு, முறை வெச்சு விடுறாங்க. உங்க முறையில பக்கத்துக்காரர் மடையைத் திறந்தா சண்டை வரும்.

அலைக்கற்றைப் பங்கீடும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணி இன்னிக்கு மிச்சமானா நாளைக்கு ஆகும். அலைக்கற்றையைச் சேர்த்து வைக்க முடியாது. இன்னிக்கு யாரும் பயன்படுத்தலன்னா இன்னிக்குக் கணக்கு வீண்தான். ஓடாம நிக்கிற தறி மாதிரி. அதனால அதை வீணாக்காம எத்தனை பேர் பகிர்ந்துக்க முடியும்னு பார்க்குறதும் ஒழுங்குமுறையோட வேலைதான்.

பகிர்றதுக்கு நாலு வழி இருக்கு: இடத்தைப் பிரிக்கலாம், நேரத்தைப் பிரிக்கலாம், சக்தியைக் குறைக்கலாம், திசையை மாத்தலாம். டவர்ல இருக்குற முரசு ஆன்டெனா கிழக்கு மேற்கா பேசும்போது டிஷ் வானத்தைப் பார்த்துட்டு இருந்தா, ஒரே அதிர்வெண்ணை ரெண்டும் சண்டையில்லாமப் பயன்படுத்தலாம்.

யாருக்கு எந்த அதிர்வெண்ணுன்னு உலக அளவுல முடிவு பண்றது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். அதுக்காக உலக வானொலித் தொடர்பு மாநாடுன்னு சில வருஷத்துக்கு ஒருமுறை நாடுகளெல்லாம் கூடுவாங்க. 2023-ல துபாய்ல கூடினாங்க, அடுத்தது 2027-ல. அதுக்கு ஒத்துப்போற மாதிரி நம்ம நாட்டுல தொலைத்தொடர்புத் துறை தேசிய அதிர்வெண் ஒதுக்கீட்டுத் திட்டம்னு ஒண்ணு வெளியிடும். 2022-ல வந்த திட்டத்தை எடுத்துப் பார்த்தா, பல வரிசைகள்ல நிலையான சேவை, மொபைல், செயற்கைக்கோள் மூணு பேரும் ஒண்ணாவே இருக்கும். அதுலயும் முதன்மை, இரண்டாம் நிலைன்னு பிரிவு உண்டு. இரண்டாம் நிலைக்காரர் முதன்மைக்காரரைத் தொந்தரவு பண்ணக்கூடாது. முதன்மைக்காரரால தனக்குத் தொந்தரவு வந்தா புகாரும் சொல்ல முடியாது. வீட்டு ஓனர், உள்வாடகைக்காரர் மாதிரி.

இதுக்கு ஓனர் யாரு?

நாமதாங்க. 1995 பிப்ரவரியில, கிரிக்கெட் ஒளிபரப்பு பத்தின வங்காள கிரிக்கெட் சங்க வழக்குல, வான் அலைகள் பொதுச் சொத்துன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் மக்கள் சார்பா அலைக்கற்றைக்கு உரிமையாளர் மத்திய அரசுன்னு எழுதி வெச்சிருக்கு.

ஆக நாமே ஓனர், நாமே வாடகைக்காரர். அரசு வாடகையை ரொம்பக் குறைச்சா பொதுச் சொத்து நஷ்டம். ரொம்ப ஏத்தினா அது நம்ம ரீசார்ஜ்லயே வந்து விழும்.

மூணு விதமான வாடகை

முதல் வகை, ஏலம். ஒரு அதிர்வெண்ணை ஒரு பகுதியில ஒரே கம்பெனிக்குத் தனியா கொடுக்குறது. மொபைல் சேவைக்கு இதுதான் முறை. 2008-ல 122 உரிமங்களை 2001-ஆம் வருஷ விலைக்கே கொடுத்ததும், உத்தேச இழப்பு 1.76 லட்சம் கோடின்னு 2010-ல சி.ஏ.ஜி. சொன்னதும், 2012 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அந்த உரிமங்களை ரத்து பண்ணினதும் தெரிஞ்ச கதை. குற்ற வழக்குல 2017 டிசம்பர்ல சிறப்பு நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. ஆனா அந்த ரத்துக்கு அப்புறம் மொபைல் அலைக்கற்றைன்னா ஏலம்தான்னு ஆயிருச்சு. 2022-ல நடந்த 5ஜி ஏலத்துல மட்டும் 1,50,173 கோடி ரூபாய்க்குப் போச்சு.

ரெண்டாவது வகை, நிர்வாக ஒதுக்கீடு. ஏலம் இல்லாம, அரசு கட்டணம் நிர்ணயிச்சு ஒதுக்குறது. ஒரே அதிர்வெண்ணைப் பல பேர் பகிர்ந்துக்க முடியுற இடத்துல இது பொருந்தும். 2023 சட்டத்தோட முதல் அட்டவணையில இதுக்கு ஒரு பட்டியலே இருக்கு: டவருக்கு டவர் பேசுற இணைப்பு, டி.டி.எச்., செயற்கைக்கோள் வழி சேவை, இன்னும் சில. 2ஜி தீர்ப்பு வந்த அதே 2012-ல, செப்டம்பர் மாசம், எல்லா இயற்கை வளத்துக்கும் ஏலம் மட்டும்தான் வழின்னு அரசியல் சாசனம் சொல்லலன்னு உச்ச நீதிமன்றமே விளக்கம் கொடுத்துச்சு. பல பேர் இதை மறந்துடுறாங்க.

மூணாவது வகை, உரிமமே தேவையில்லாதது. உங்க வைஃபை, ப்ளூடூத் எல்லாம் இதுல வரும். குறைஞ்ச சக்தியில, அங்கீகரிக்கப்பட்ட கருவியோட யார் வேணா பயன்படுத்தலாம். வாடகை கிடையாது, பாதுகாப்பும் கிடையாது. பக்கத்து வீட்டு ரூட்டர் உங்க ரூட்டரைத் தொந்தரவு பண்ணினா யார்கிட்டயும் புகார் கொடுக்க முடியாது.

மூணையும் ஒரே வரியில வெச்சுக்கலாம்: தனியா வேணும்னா விலை ஜாஸ்தி, பகிர்ந்துக்கிட்டா விலை கம்மி. தனி வீடு, ஷேரிங் ரூம், சத்திரம் மாதிரி.

வேலி ஓரத்துச் சண்டைகள்

பேப்பர்ல பிரிக்குறது சுலபம். சண்டை வர்றது வேலி ஓரத்துல.

கேபிள்காரர் மாடியில இருக்குற பெரிய டிஷ்ஷை எடுத்துக்கங்க. அது 3.7 முதல் 4.2 ஜிகா ஹெர்ட்ஸ் வரை கேட்கும். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல 35,786 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு. அங்கிருந்து வர்ற சிக்னல் ரொம்ப மெல்லிசு. 2022 ஏலத்துல 5ஜிக்குக் கொடுத்தது 3.3 முதல் 3.67 வரை. நடுவுல 30 மெகா ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. தூரத்து முணுமுணுப்பைக் காது கொடுத்துக் கேட்டுட்டு இருக்குறவர் பக்கத்துல ஒருத்தர் மைக் செட் போட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான். தீர்வு, டிஷ்ல ஃபில்டர் மாட்டுறது. அந்த ஃபில்டர் செலவு யார் தலையில? மொபைல் கம்பெனியா, கேபிள்காரரா, கடைசியில கேபிள் பில் கட்டுற நம்ம வீடா? ஸ்பெக்ட்ரம் விதி எழுதும்போது நடக்குற உண்மையான சண்டை இதுதான்.

இன்னொண்ணு. கருமத்தம்பட்டி தாண்டி அவினாசி ரோட்டுல கோவைக்கு வேலைக்குப் போறவங்க விமான நிலையத்தை ஒட்டித்தான் போறோம். விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளக்குற ரேடியோ கருவி 4.2 முதல் 4.4 ஜிகா ஹெர்ட்ஸ்ல வேலை செய்யும். அதுக்கு இடையூறு வரக்கூடாதுன்னு 2022 நவம்பர்ல தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டுச்சு: ஓடுபாதையோட ரெண்டு முனையிலிருந்தும் 2,100 மீட்டர், மையக்கோட்டிலிருந்து 910 மீட்டருக்குள்ள 3.3 முதல் 3.67 வரையிலான 5ஜி ஆன்டெனா வைக்கக்கூடாது. கம்பெனி நாடு முழுக்கக் காசு கொடுத்து வாங்கின அலைக்கற்றைதான். ஆனாலும் அந்த வட்டத்துக்குள்ள உயிர்ப் பாதுகாப்புக்குத்தான் முதல் உரிமை. இந்த மாதிரி இடத்துல போன் 5ஜியிலிருந்து 4ஜிக்கு இறங்கினா உடனே கம்பெனியைத் திட்டாதீங்க.

மூணாவது, 6 ஜிகா ஹெர்ட்ஸ். வைஃபை கம்பெனிகள் எங்களுக்கு வேணும்ங்குறாங்க, மொபைல் கம்பெனிகள் எங்களுக்குங்குறாங்க, செயற்கைக்கோள்காரங்க நாங்க ஏற்கெனவே இங்கதான் இருக்கோம்ங்குறாங்க. 2025 மே மாசம் கீழ்ப்பகுதியை, அதாவது 5.925 முதல் 6.425 வரை, உரிமம் இல்லாமப் பயன்படுத்த வரைவு விதி வந்துச்சு. அதுல வீட்டுக்குள்ள குறைஞ்ச சக்தி, வெளியில அதைவிட ரொம்பக் குறைஞ்ச சக்தி, வீட்டுக்குள்ள வைக்குற வகை வண்டியிலயும் படகுலயும் கூடாதுன்னு நிபந்தனை. சுவர் சிக்னலைத் தடுக்கும், அதனால மேல இருக்குற செயற்கைக்கோளுக்குத் தொந்தரவு வராதுங்குறதுதான் கணக்கு. கேம் விளையாடுறவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும்: 2024-ல பிளேஸ்டேஷன் 5 ப்ரோ இந்தியாவுக்கு வராததுக்கு சோனி சொன்ன காரணமே இங்க 6 ஜிகா ஹெர்ட்ஸ் வைஃபைக்கு அனுமதி இல்லைங்குறதுதான்.

சரி, ஸ்டார்லிங்க் விஷயத்துக்கு வருவோம்

2024 அக்டோபர்ல பெரிய விவாதம் நடந்துச்சு. செயற்கைக்கோள் இன்டர்நெட்டுக்கும் ஏலம் விடுங்கன்னு ஜியோ கேட்டுச்சு. நகரத்துல சேவை கொடுக்கப்போற செயற்கைக்கோள் கம்பெனிகளும் எங்களை மாதிரி உரிமக் கட்டணம் கட்டி அலைக்கற்றை வாங்கட்டும்னு ஏர்டெல் தலைவர் சுனில் மித்தல் சொன்னார். நிர்வாக ஒதுக்கீடுதான்னு மத்திய அமைச்சர் சிந்தியா உறுதியா சொல்லிட்டார். 2025 மார்ச்ல அதே ஏர்டெல்லும் ஜியோவும் அடுத்தடுத்த நாள்ல ஸ்டார்லிங்க்கை நாங்களே விற்குறோம்னு ஒப்பந்தம் போட்டாங்க! வியாபாரத்துல நிரந்தரப் பகை கிடையாதுங்க.

என் கருத்தைக் கேட்டா, ஒதுக்கீட்டு முறை சரிதான். டிஷ் ஒரு நேரத்துல வானத்துல ஒரு சின்னப் புள்ளியைத்தான் பார்க்கும். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற செயற்கைக்கோளும், 35,786 கிலோமீட்டர் உயரத்துல நிக்குற டி.டி.எச். செயற்கைக்கோளும் பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்ணுல, சில இடத்துல ஒரே அதிர்வெண்ணுல கூட வேலை செய்யலாம். தாழ்வா சுத்துறது, மேல நிக்குறதுக்கு இடையூறு பண்ணக்கூடாதுன்னு சர்வதேச விதியே இருக்கு. இப்படிப் பகிர முடியுற பொருளை ஏலம் விட்டு ஒருத்தருக்கே கொடுத்தா, மத்த எல்லாரையும் வெளியே தள்ளின மாதிரி ஆகும்.

ஆனா மொபைல் கம்பெனிகள் கேட்குற கேள்வியிலயும் நியாயம் இருக்கு. மலைக்கிராமத்துக்குக் கொடுத்தா அது சேவை. கோவை அபார்ட்மென்ட்டுக்குக் கொடுத்தா அது நேரடிப் போட்டி. அப்போ வாடகையில மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

டிராய் 2025 மே மாசம் கொடுத்த பரிந்துரையில இதுக்கு ஒரு பதில் வெச்சிருக்கு. சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில 4% அலைக்கற்றைக் கட்டணம். அதோட தாழ்வட்டப்பாதை இன்டர்நெட் கம்பெனிகள் ஒவ்வொரு நகர்ப்புற வாடிக்கையாளருக்கும் வருஷத்துக்கு 500 ரூபாய் கூடுதலாக் கட்டணும். கிராமப்புறத்துக்கு அந்தக் கூடுதல் கிடையாது. ஒதுக்கீட்டுக் காலம் 5 வருஷம், தேவைப்பட்டா 2 வருஷம் நீட்டிக்கலாம். இது பரிந்துரைதான், முடிவு எடுக்குறது அரசு.

500 ரூபாயை மாசத்துக்குப் பிரிச்சா 42 ரூபாய்கூட வராது. அதனால செயற்கைக்கோள் இன்டர்நெட் விலையை முடிவு பண்ணப்போறது ஸ்பெக்ட்ரம் கட்டணம் இல்ல. கருவி விலையும், கொள்ளளவும்தான். ஒரு செயற்கைக்கோள் கீழே ஒரு பெரிய வட்டத்துக்கு வெளிச்சம் அடிக்குற மாதிரி சேவை கொடுக்குது. அந்த வட்டத்துல இருக்குற எல்லாரும் அதைப் பங்கு போட்டுக்கணும். இந்தியாவுல ஸ்டார்லிங்க்கால 20 லட்சம் இணைப்புதான் கொடுக்க முடியும்னு 2025 ஜூலையில மத்திய இணையமைச்சர் பெம்மசானி சந்திரசேகர் சொன்னார். நாட்டுல மொபைல் இணைப்பு 110 கோடிக்கு மேல. சோமனூர் மாதிரி ஃபைபரும் 5ஜியும் ரெண்டும் எட்டுற ஊருக்கு இது மலிவான மாற்றா வரும்னு எதிர்பார்க்க வேண்டாம்.

உங்க 299 ரூபாய்க்குள்ள என்ன இருக்கு?

இப்போ நம்ம பில்லைப் பிரிப்போம். 2024 ஜூலையில கட்டணம் ஏறினப்போ, ஜியோவுல 239 ரூபாயா இருந்த 28 நாள் திட்டம் 299 ஆச்சு. 28 நாள்னா வருஷத்துக்கு 12 இல்ல, 13 ரீசார்ஜ். மொத்தம் 3,887 ரூபாய்.

299-ல 18% ஜி.எஸ்.டி. 45.61 ரூபாய். மீதி 253.39. இதுல 8% உரிமக் கட்டணம்னு தோராயமா கணக்குப் போட்டா சுமார் 20 ரூபாய். அந்த 8-ல 5 பங்கு கிராமப்புறச் சேவைக்கான நிதிக்குப் போகும்.

இதுக்கு மேல ஏலத் தவணை. 2022-ல ஜியோ வாங்கினது 88,078 கோடிக்கு. அரசு கொடுத்த வசதி: 20 வருஷத் தவணை, 7.2% வட்டி. வருஷத் தவணை சுமார் 7,865 கோடி. 20 வருஷத்துக்குக் கூட்டினா 1,57,300 கோடி! நம்ம ஹவுஸிங் லோன் மாதிரியேதான், அசல்ல முக்கால் பங்குக்கு மேல வட்டி. 48 கோடி வாடிக்கையாளர்னு வெச்சு வகுத்தா, ஒரு ஆளுக்கு மாசம் 13 ரூபாய் 65 காசு. இது அந்த ஒரே ஒரு ஏலத்துக்கு மட்டும். முந்தைய ஏலங்கள் தனி.

ஆக ஜி.எஸ்.டி., உரிமக் கட்டணம், ஏலத் தவணை சேர்த்தா 299-ல சுமார் 80 ரூபாய் அரசுக்குப் போகுது. ஓனருக்குத்தான் போகுது, அதாவது நமக்குத்தான். ஆனா நம்ம பாக்கெட்லிருந்து.

பங்கு வாங்குறதுக்கு முன்னாடி

மொபைல் கம்பெனின்னா டவரும் சிம் கார்டும் மட்டும்னு நினைக்காதீங்க. கணக்குப் புத்தகத்தைத் திறந்தா சொத்துப் பக்கத்துல பெரிய எண், கண்ணுக்குத் தெரியாத அலைக்கற்றை உரிமை. கடன் பக்கத்துல பெரிய எண், அதுக்காக அரசுக்குக் கட்ட வேண்டிய தவணை. உரிமைக்குக் காலாவதி தேதியும் உண்டு. தறி 30 வருஷம் கழிச்சும் இரும்பு விலைக்காவது போகும். அலைக்கற்றை உரிமை முடிஞ்சா மறுபடியும் முதல்லயிருந்து காசு.

இதோட வலியைப் பார்த்தவங்க நாம. 1999-ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச ஏர்செல் 2018 பிப்ரவரியில திவால் மனு கொடுத்துச்சு. நெட்வொர்க் போய், நம்பரை மாத்த முடியாம கடை கடையா அலைஞ்சது ஞாபகம் இருக்குங்களா?

வோடஃபோன் ஐடியா கணக்கு இன்னும் பாடம். 2024 ஏப்ரல்ல ஒரு பங்கு 11 ரூபாய்னு மக்கள்கிட்ட 18,000 கோடி திரட்டுச்சு. ஒரு வருஷம் கழிச்சு, 2025 ஏப்ரல்ல, அரசுக்குக் கட்ட வேண்டிய அலைக்கற்றை பாக்கியில 36,950 கோடியை அரசு 10 ரூபாய் விலையில பங்கா மாத்திக்கிச்சு. 3,695 கோடி புதுப் பங்கு. அரசோட பங்கு 48.99% ஆச்சு. கம்பெனிக்கு அது மூச்சு விட நேரம் கொடுத்துச்சு, உண்மைதான். ஆனா பழைய பங்குதாரரோட பாகம் மூணுல ஒண்ணுக்கு மேல கரைஞ்சுச்சு. பத்து பேர் பிரிச்சுக்குற பணியாரத்தை பதினஞ்சு பேர் பிரிச்சுக்குற கதை.

எந்தப் பங்கை வாங்குங்க, விற்குங்கன்னு நான் சொல்லல. நான் செபி பதிவு பெற்ற ஆலோசகர் கிடையாது. ஆனா ஆண்டறிக்கையில இந்த மூணைப் பார்க்காம வாங்காதீங்க:

1. அரசுக்குக் கட்ட வேண்டிய அலைக்கற்றைத் தவணையும் பழைய பாக்கியும் மொத்தம் எவ்வளவு? அடுத்த மூணு வருஷத்துல எவ்வளவு?
2. ஒரு வாடிக்கையாளர்கிட்ட மாசம் சராசரியா எவ்வளவு வருமானம்? அது ஏறுதா, வாடிக்கையாளர் எண்ணிக்கை இறங்குதா?
3. வட்டி கட்டின பிறகு கையில காசு நிக்குதா, இல்ல அடுத்த கடன்ல இந்தக் கடனைக் கட்டுறாங்களா?

இன்னொண்ணும் யோசிங்க. நீங்க இன்டெக்ஸ் ஃபண்ட்ல எஸ்.ஐ.பி. போடுறீங்கன்னா, ஏர்டெல்லும் ரிலையன்ஸும் நிஃப்டியில இருக்கு. டெலிகாம் ஏற்கெனவே உங்க கையில இருக்கு.

வீட்டு இன்டர்நெட்டுக்கு என்ன பண்ணலாம்?

ஃபைபர் கட் ஆகுற பிரச்சனைக்கு முதல்ல மலிவான வழியைப் பாருங்க. ஃபைபர் ஒரு கம்பெனி, சிம் வேற கம்பெனின்னு வெச்சுக்கங்க. ஒண்ணு போனா இன்னொண்ணுல ஹாட்ஸ்பாட் போட்டு வேலையை ஓட்டலாம். அது போதலன்னா 5ஜி வழியா வீட்டுக்கே வர்ற ஏர்ஃபைபர் சேவை உங்க வீதிக்கு இருக்கான்னு விசாரிங்க. மொபைலுக்கு வாங்கின அதே அலைக்கற்றையை நிலையான இணைப்புக்கும் பயன்படுத்துற ஏற்பாடு அது. டவர் நெரிசலா இருந்தா சாயங்காலத்துல வேகம் குறையும், அதனால முதல்லயே ஆறு மாசத் திட்டம் எடுக்காதீங்க.

புது ரூட்டர் வாங்குறதா இருந்தா, 6 ஜிகா ஹெர்ட்ஸ்னு பெட்டியில போட்டிருக்குறதுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீங்க. அந்த மாடலுக்கு இந்தியாவுல அந்த வசதிக்கு அனுமதி இருக்கா, உங்க போனும் லேப்டாப்பும் அதை எடுக்குமான்னு பாருங்க. வீட்டிலிருந்து வேலைன்னா, பில்லைக் காட்டினா இன்டர்நெட் செலவைத் திருப்பிக் கொடுக்குற வசதி கம்பெனியில இருக்கான்னு ஹெச்.ஆர். கிட்ட கேளுங்க. கேட்காததாலயே நிறைய பேர் இதை விட்டுடுறாங்க. செயற்கைக்கோள் இணைப்பு முன்பதிவுன்னு யாராவது லிங்க் அனுப்பி யு.பி.ஐ.ல பணம் கேட்டா, கம்பெனியோட சொந்தத் தளத்துல பார்க்காம ஒத்த ரூபாய் அனுப்பாதீங்க.

தம்பி என்ன பண்ணினார்?

எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்பா வாங்கப்போற கடனுக்கு வட்டி எவ்வளவுன்னு போன்ல விசாரிச்சார். நூத்துக்கு மாசம் ஒண்ணரை ரூபாய். வருஷத்துக்கு 18%. ஒரு லட்சத்துக்கு 18,000 ரூபாய்.

"அந்த 18,000-ஐ மிச்சம் பண்றது நிச்சயம். பங்கு 18% ஏறுறது நிச்சயமா தம்பி?"

சிரிச்சார். 80,000-ஐ அப்பா கையில கொடுத்துட்டு, மீதி 20,000-ஐ அவசர நிதியில வைக்குறதா சொன்னார். வீட்டு இன்டர்நெட்டுக்கு இப்போதைக்கு வேற கம்பெனி சிம் ஒண்ணு வாங்கிட்டார். டெலிகாம் பங்கைப் பத்தி, "ஆண்டறிக்கைய படிச்சுட்டு வர்றேனுங்ணா, அப்புறம் பேசலாம்"னார். அந்த ஒரு வார்த்தைக்கே அன்னிக்கு எனக்குத் திருப்தி.

அடுத்த வீடியோவுல ஒரு டெலிகாம் கம்பெனி ஆண்டறிக்கையைத் திறந்து, மேல சொன்ன மூணு எண்ணும் எந்தப் பக்கத்துல இருக்கும்னு காட்டுறேன். அதுவரைக்கும் உங்க கடைசி ரீசார்ஜ் பில்லை எடுத்து நீங்களே ஒருமுறை பிரிச்சுப் பாருங்க.